தொழுவத்துக் கொங்காணி

என் சித்தப்பாவின் கல்யாணம் நின்றுபோக இருந்தது. அந்த நிலைக்கு அதைக் கொண்டுபோனது ஒரு காலிக் கோணி. நிற்காமல் நடத்திவைத்ததும் அதே கோணிதான். இது எனக்குத் தெரியவந்தபோது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நடந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அந்தக் கோணியை அப்போது வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் பிற்பாதி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்வாசலைத் தாண்டினால் தொழுவம், அதைத் தாண்டினால் வயல், வயல் முடிகிற இடத்தில் மலை. அப்பா கோவில் காரியம், பஞ்சாயத்துக் காரியம் என்று ஊருக்குள் இருப்பார். வயலும் மாடும் சித்தப்பாவின் பொறுப்பு. அவருக்குச் செங்கோட்டையில் பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றி, ஆவணியில் முகூர்த்தம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்தக் கோடையில் மாடுகளுக்கு உண்ணி அதிகம். காதுக்குள், வால் அடியில், மடியில் எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஒரு வழி சொன்னார். உண்ணிப் பொடியைச் சணல் கோணியில் போட்டு வாயைக் கட்டி, தொழுவத்து வாசலில் மாட்டின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட வேண்டும். மாடு போகும்போதும் வரும்போதும் அதில் முதுகை உரசும். இழை வழியாகப் பொடி உதிர்ந்து மயிருக்குள் இறங்கும். ஆள் பிடித்துத் தேய்க்க வேண்டியதில்லை. அப்படியே செய்தார்கள். உண்ணி குறைந்தது. மாடுகளும் கோணியில் உரசுவதை விரும்பின. எங்கள் சிவப்புப் பசு வேலை இல்லாமலே நாலு தடவை வாசலைத் தாண்டிப் போய் வரும்.

பொடியைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கழுவினோம். கோணியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ராமநாதபுரம் பக்கம். கோணியை மனிதர்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள் என்பது அந்தப் பக்கத்துக்காரருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

எங்கள் பக்கத்தில் ஆனியும் ஆடியும் சாரல் காலம். சாரலை மழை என்று சொல்ல முடியாது. மலை இடைவெளியில் காற்று வரும். அதோடு ஊசி ஊசியாகத் தண்ணீர் வரும். மேலேயிருந்து விழாமல் பக்கவாட்டில் வருவதால் குடைக்கு வேலையில்லை, காற்றில் அது பின்பக்கமாக மடங்கிக்கொள்ளும். எனவே வயலில் நிற்கிறவர்கள் கோணியின் ஒரு மூலையை அடுத்த மூலைக்குள் திணித்துக் கூம்பாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். தலைக்கு முக்காடு, முதுகுக்குப் போர்வை. அதற்குக் கொங்காணி என்று பெயர்.

பொடி தீர்ந்ததும் தொழுவத்து வாசலில் வேறு கோணி கட்டினார்கள். பழையதை எறிய அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஓட்டை ஒடிசல் இல்லாத கோணி. தென்னை மரத்தில் நாலு அடி அடித்து உதறி, மற்ற கோணிகளோடு தொழுவத்து முளையில் மாட்டிவிட்டார். கொஞ்சம் வாடை இருந்தது. ஆனால் அந்த வாடை அந்தக் காலத்தில் எங்கும் இருந்தது. நெல் மூட்டையில் இருந்தது, மலேரியாக்காரர்கள் மருந்து அடித்துவிட்டுப் போன சுவரில் இருந்தது, சில சமயம் ரேஷன் அரிசியிலும் இருந்தது. யாரும் அதை வாடையாகவே கருதவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. சித்தப்பா உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, எண்ணெய் ஊறுவதற்காகத் தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்றங்காலில் யாருடைய எருமையோ இறங்கிவிட்டது என்று குரல் வந்தது. எழுந்த வேகத்தில் முளையிலிருந்து கைக்கு வந்த கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். எருமையை விரட்டினார். அது உடைத்த வரப்பைக் கட்டினார். எண்ணெய் உடம்பு, மேலே நனைந்த கோணி, விடாத சாரல். வரப்பு வேலை முடிந்து அவர் திரும்பும்போது மதியச் சோறு வடித்தாகிவிட்டது.

வந்தவர் வழக்கம்போல இல்லை. வேகவேகமாகப் பேசினார். அம்மா ஒரு பானை மூடியைக் கீழே வைத்த சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார்.

"நாக்கு தடிச்சுப் போன மாதிரி இருக்கு மதினி" என்றார்.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடியிருக்கும் என்று அம்மா சொன்னாள். வெற்றிலையே போடவில்லை என்று அவர் சொல்ல வாயெடுத்தார். சொல் முடியவில்லை. முற்றத்துச் சேற்றில் விழுந்தார். கையும் காலும் வெட்டி இழுத்தன. பல் கிட்டித்துக்கொண்டது. குதிகால்கள் சேற்றில் இரண்டு குழி பறித்தன. அந்தக் குழிகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அருகில் இருந்த இரும்பு மம்பட்டி. அதைச் சித்தப்பாவின் கையில் அழுத்தினார். இழுப்பு ஓய்ந்தது. இரும்பினால் ஓய்ந்தது என்று அப்பா கடைசி வரை நம்பினார்.

அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டுப் பாலை வாங்கி ஊருக்கு ஊற்றுகிற அண்ணாச்சி பின்வாசலில் வந்து நின்றார். ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரியும். தெரிந்ததை அடுத்த வீட்டில் சொல்லாமல் அவரால் அளந்து ஊற்ற முடியாது. சேற்றில் கிடக்கும் சித்தப்பாவையும் கையிலிருந்த மம்பட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா நிமிர்ந்து, அவரைப் பார்த்து, சலிப்போடு சொன்னார்: "என்னத்தச் சொல்லுதது. நேத்துப் புளியரை தாண்டிட்டு வந்திருக்கான். இன்னும் தெளியல."

அப்போது நம் மாநிலத்தில் மதுவிலக்கு. செங்கோட்டைக்கு அப்பால் புளியரை. அதைத் தாண்டினால் கேரளம், அங்கே தடை இல்லை. ரயில் ஏறிப் போய்க் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்புகிறவர்கள் ஊரில் இருந்தார்கள். அண்ணாச்சியின் முகம் தெளிந்தது. கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

"கல்யாண மாப்பிள்ளைலா. இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தப்பா முந்தின நாள் முழுக்கத் தொழுவத்துக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓடு எடுத்துக் கொடுத்தவள் நான். "சித்தப்பா நேத்து எங்கயும் போகலியே" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளி, "ஏட்டி, உள்ள போ" என்றாள்.

பெரியவர்கள் ஏன் ஒருவரை வேண்டுமென்றே குடிகாரர் ஆக்குகிறார்கள் என்பது பிடிபட எனக்கு நாளாயிற்று. குடிக்கிறவனுக்குப் பெண் கிடைக்கும். வலிப்பு உள்ளவனுக்குக் கிடைக்காது. அப்பா அதை நொடியில் கணக்குப் போட்டிருந்தார். அதே காரணத்தால் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் நமக்குத் தெரியாதவர்கள் நாலு பேர் இருந்தால் நம்மைத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். உடம்பில் ஊறிய எண்ணெயோடு சாரலில் நின்றதால் ஜன்னி கண்டுவிடும் என்று பயந்து, வெந்நீரும் சீயக்காயும் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அந்த வீட்டில் அன்று நடந்த ஒரே சரியான வைத்தியம் அது. வேறு எதற்கோ செய்தது.

சித்தப்பா மறுநாள் எழுந்து நடமாடினார். ஆனால் ஆள் மாறிவிட்டார். தென்னை மரத்தில் ஏறுவதை விட்டார். கிணற்றில் குதிப்பதை விட்டார். சாரல் நன்றாக விழுந்த அந்த ஆடி முழுவதும் அருவிப் பக்கமே போகவில்லை. யாராவது கூப்பிட்டால் கால் வலி என்பார். எந்தக் கால் என்று நான் கேட்டதற்கு ஒரு நாள் இடது என்றார், இன்னொரு நாள் வலது என்றார்.

ஒரு சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "செங்கோட்டைக்கு ஆள் விட்டுச் சொல்லிருவோம் மதினி. அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணிச்சு."

உள்ளேயிருந்த அப்பா சொன்னார்: "ஏலே, ஒரு தடவ வந்தது ஒரு தடவதான். நீயா நாலு தடவ வரவழைக்காத."

புளியரைச் செய்தி எப்படியும் செங்கோட்டைக்குப் போய்விட்டது. அண்ணாச்சியின் பால் எவ்வளவு தூரம் போனது என்று தெரியாது, பேச்சு அவ்வளவு தூரம் போனது. அடுத்த வாரமே பெண்ணின் அப்பா புறப்பட்டு வந்தார். வழியில் குற்றாலத்தில் இறங்கி, அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, அருவியில் நின்றுவிட்டு வந்திருந்தார். நெற்றி ஓரத்தில் இன்னும் எண்ணெய் மினுங்கியது. கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தார்கள், சிரித்துக்கொண்டே வந்தார்.

"புளியரைக்கு நம்ம வீட்டத் தாண்டித்தான போகணும்? ஒரு எட்டு உள்ள வந்திருந்தா நானும் கூடப் போயிருப்பேன்லா" என்றார் அப்பாவிடம். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

"மாமா, வயலப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா வீட்டிலிருந்த ஒரே குடையை நீட்டினார். வந்தவர் அதைச் சித்தப்பாவிடம் தள்ளிவிட்டு, நாமும் விவசாயிதான் என்று காட்டுகிறவர்போல, சட்டையைக் கழற்றி முளையில் மாட்டிவிட்டு அங்கிருந்த ஒரு கோணியை எடுத்தார். அதைத் தொழில் தெரிந்த கையால் மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இப்படிப்பட்ட சம்பந்தக்காரர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார்.

இருவரும் வரப்பு வரப்பாக நடந்து மலையடி வரை போனதைப் பின்வாசலிலிருந்து பார்த்தோம். குடை மடங்கி மடங்கி நிமிர்ந்தது. தூரத்தில் இருவரும் வெகு நேரம் நின்றார்கள். பேசியது சித்தப்பா மட்டும்தான் என்பது அங்கிருந்தே தெரிந்தது. கொங்காணி அசையவில்லை.

"சொல்லிட்டான்" என்றார் அப்பா. திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது பெண்ணின் அப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோணியைக் கழற்றி முளையில் போட்டார். ஈர முதுகைத் துடைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, நடுவீட்டில் பெஞ்சில் உட்கார்ந்தார். எதையோ சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடுகிறவர்போல இருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை அதன் வட்டைக் கிண்ணத்தோடு வாங்கினார்.

டம்ளர் வட்டையில் தட்டிச் சத்தமிட்டது. மெல்லிய, விடாத சத்தம். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். அவரும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காப்பி அலம்பி வேட்டியில் கொட்டியது.

"காப்பி சூடு" என்றார்.

சூடு என்றால் கை விலகும், நடுங்காது. டம்ளரை வைத்துவிட்டு, உதட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "கொறச்சு வெள்ளம்" என்று அம்மாவிடம் கேட்டார். செங்கோட்டைக்காரர்கள் தண்ணீரை அப்படித்தான் கேட்பார்கள். தண்ணீர் வருவதற்குள் எழுந்து பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் கை நிற்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடி மடியில் வைத்துக்கொண்டார். துண்டு நடுங்கியது.

சித்தப்பா அவரைப் பார்த்தார். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே கேள்வி இருந்தது.

அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. பிறகு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்: "அண்ணாச்சி, உங்களுக்கும் உண்டுமா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். தலையும் கொஞ்சம் நடுங்கியதால் அது ஆமாம் என்பதுபோலவும் இருந்தது. அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவள்தான் எங்களுக்குச் சித்தியாக வர இருந்தவள். அப்பனுக்கு நடுக்கம் என்று வெளியே போனால் மற்ற இரண்டு பேரையும் யார் கேட்டு வருவார்கள்? வயலில் சித்தப்பா சொன்னதற்கு அவர் என்ன பதிலை நினைத்து வைத்திருந்தாரோ தெரியாது. கதவு சாத்திய வீட்டில் சொன்னது இதுதான்:

"முகூர்த்தத்த மாத்தாண்டாம் தம்பி. இங்கன யாரும் ஒண்ணும் பாக்கல. நானும் ஒண்ணும் கேக்கல."

வெயில் தாழ, நடுக்கம் குறைந்த பிறகு, அப்பாவே வண்டி பூட்டி அவரைக் கொண்டுபோய் விட்டார். பால் அண்ணாச்சி எதிரில் வந்து, பெரியவருக்கு என்ன, முகம் வெளிறி இருக்கிறதே என்று விசாரித்தாராம். புளியரை வழியாகச் சுற்றி வந்திருக்கிறார் என்று அப்பா சொன்னாராம். ஒரே பொய் இரண்டு குடும்பத்துக்கும் போதுமானதாக இருந்தது. என் மட்டில், புளியரை என்பது மனிதர்களைக் கைகால் நடுங்க வைக்கிற ஊர் என்று முடிவு செய்துகொண்டேன். ஆவணியில் கல்யாணத்துக்குச் செங்கோட்டை போகும் வழியெல்லாம், புளியரை வந்துவிட்டதா என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே போனேன்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சித்தப்பாவுக்கு அதற்குப் பிறகு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. சித்தியின் அப்பாவும் நடுங்காத கையோடு நெடுநாள் இருந்தார். அந்தக் கோணி என்ன ஆனது என்று தெரியாது. மாட்டுக்கு அடியில் போட்டு மட்கியிருக்கலாம். யாராவது இரவல் வாங்கிப் போயிருக்கலாம்.

பல வருடங்கள் கழித்து, மாடுகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் பேசப்போன இடத்தில், ஒரு கால்நடை மருத்துவர் பழைய உண்ணிப் பொடிகளைப் பற்றிச் சொன்னார். நான் எங்கள் தொழுவத்து வாசலைப் பற்றிச் சொன்னேன். பேச்சோடு பேச்சாகச் சித்தப்பாவின் வலிப்பையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்னைக்கு எண்ணெய் தேய்ச்சிருந்தாரா?" அந்தப் பொடி உடம்புக்குள் போனால் நடுக்கமும் வலிப்பும் வரும், வெறும் தோலில் இறங்குவதைவிட எண்ணெய்த் தோலில் வேகமாக இறங்கும் என்றார். இத்தனை காலம் கழித்து நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தி காலமாகி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்திக்கு எல்லாம் தெரியும் என்றார் அவர். அன்று எங்கள் வீட்டிலிருந்து திரும்பிய இரவே அவள் அப்பா அவளை உட்காரவைத்து, மாப்பிள்ளை வயலில் சொன்னதைச் சொல்லி, தனக்கு வந்த நடுக்கத்தையும் சொல்லி, உன் இஷ்டம் என்றாராம். அவள் யோசித்துவிட்டு, "உங்களுக்கும் இருக்குன்னா, அம்மை உங்களோட இத்தன வருசம் இருந்தாள்லா" என்றாளாம். சித்தப்பாவுக்கே இது பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தெரியும்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் எல்லோரும் குற்றாலம் போனோம். சாரல் முடிகிற சமயம். பேரருவியில் தண்ணீர் இன்னும் கனமாக விழுந்தது. புது மாப்பிள்ளையை அவர் சேக்காளிகள் ஆண்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். கால் வலி என்று சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. ஆடி முழுவதும் வராதவர் அன்றுதான் முதல் தடவையாகத் தண்ணீருக்கு அடியில் போனார்.

அம்மா சித்தியைப் பெண்கள் பக்கம் கூப்பிட்டாள். "நீங்க போங்கக்கா, அவுக வந்துரட்டும்" என்று சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் அவள் கூட நின்றேன். புதுப்புடவை சாரலில் நனைந்து உடம்போடு ஒட்டியது. அவள் அதை இழுத்துவிடவில்லை. அருவிக்கு அடியில் அத்தனை தலைகள். அவள் பார்த்தது ஒரு தலையை. தண்ணீர் அதை மூடும்போது என் கையை இறுக்குவாள். வெளியே தெரிந்ததும் விடுவாள். வலித்தது. விரல்களை உருவிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

ஒரு வழியாகச் சித்தப்பா தலையைத் துவட்டியபடி, சிரித்துக்கொண்டே, வழுக்கும் பாறையில் எங்கள் பக்கம் வந்தார். சித்தி என் கையை விட்டுவிட்டு, இப்போது நாம் குளிக்கப் போகலாம் என்றாள்.

திரும்பும் வழியில், சித்தி குளிக்கக்கூடப் போகாமல் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று வண்டியிலிருந்த எல்லோரிடமும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது, வெட்கம் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.